வெந்தயம் யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெந்தயம் தினமும் சாப்பிட்டா நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

ஒரே வார்த்தைல சொல்ல முடியாதுங்க, ஏன்னா நம்ம வீட்டுல வெந்தயம் ரெண்டு வேலை பாக்குது. வத்தக்குழம்புக்கு தாளிக்கறது, சாம்பார் பொடிக்கு வறுக்கறது, இட்லிக்கு உளுந்தோட ஊறப்போடறது, ஊறுகாய்ல பெருங்காயத்தோட வறுத்துப் பொடிச்சுப் போடறது, இதெல்லாம் சாப்பாடு. ஒரு ஆளோட தட்டுக்கு வர்றது ஒரு சிட்டிகைதான் இருக்கும். காலைல வெறும் வயித்துல ஒரு ஸ்பூன், ராத்திரி படுக்கறப்போ மோர்ல ஒரு ஸ்பூன் பொடி, இப்படி மாசக்கணக்குல எடுக்கறாங்களே, அது மருந்து. மருந்துன்னு வந்துட்டா பலனும் இருக்கும், பக்க விளைவும் இருக்கும், நீங்க ஏற்கனவே போடுற மாத்திரையோட மோதவும் செய்யும். "இயற்கை தானே, என்ன பண்ணிடப் போகுது"ன்னு சொல்லி டாக்டர்கிட்ட கூட சொல்லாம எடுக்கறதுதான் எனக்கு ரொம்ப கவலையா இருக்கு, கீழ சொல்றது பூரா அதனாலதான்.

சுகர் நிஜமாவே குறையுமா, இல்ல சும்மா சொல்றாங்களா?

சும்மா இல்ல. வெந்தயத்துல கேலக்டோமன்னன்னு ஒரு நார்ச்சத்து இருக்கு, ஊறவெச்சா வழவழன்னு கோழை மாதிரி வருதே, அதுதான். அது குடல்ல போய் கெட்டியாகி, சாப்பிட்ட சோறு, இட்லில இருந்து வர்ற சர்க்கரை ரத்தத்துல ஏறுற வேகத்த குறைக்குது. இன்னொரு சத்து, 4-ஹைட்ராக்ஸி ஐசோலூசின்னு பேரு, சர்க்கரை ஏறுறப்போ இன்சுலின் சுரக்க உதவுதுன்னு ஆய்வுகள்ல பாத்திருக்காங்க. ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துல 1980கள்லயும் 90கள்லயும் சர்க்கரை நோயாளிகளுக்கு சாப்பாட்டுலயே வெந்தயம் சேர்த்துக் குடுத்து சோதிச்சாங்க, சர்க்கரை குறைஞ்சுது, கொலஸ்ட்ராலும் கொஞ்சம் குறைஞ்சுது.

ஆனா அங்க குடுத்த அளவ யாரும் சொல்றதில்ல. ஒரு நாளைக்கு 25 கிராம்ல இருந்து, எண்ணெய் எடுத்த பொடியா 100 கிராம் வரைக்கும் குடுத்துருக்காங்க. ஒரு டீஸ்பூன் வெந்தயம் 4 கிராமுக்கும் கொஞ்சம் கம்மி. அப்போ 25 கிராம்னா கிட்டத்தட்ட ஏழு டீஸ்பூன். அதனால ஊறவெச்ச தண்ணிய மட்டும் வடிகட்டி குடிச்சுட்டு வெந்தயத்த கொட்டிட்டு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு குறைஞ்சுது எனக்கு மட்டும் ஏன் குறையலன்னு கேக்கறதுல அர்த்தம் இல்ல, நார்ச்சத்துல பெரும்பகுதி அந்த கொட்டுன வெந்தயத்துல போயிடுச்சு. குடிக்கறதா இருந்தா வெந்தயத்தையும் சேர்த்து மென்னு சாப்பிடுங்க.

அப்போ சுகர் மாத்திரைய நிறுத்திட்டு வெந்தயம் எடுக்கலாமா?

கூடாது. இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. வெந்தயத்தால வர்ற குறைவு சின்னது, ஆளுக்கு ஆள் மாறும். மாத்திரைய நிறுத்தினா மூணு மாச சராசரி, எச்பிஏ1சி, மெதுவா ஏறும், உங்களுக்கு வெளிய ஒண்ணும் தெரியாது, கண்ணும் கிட்னியும் உள்ள அடி வாங்கிட்டு இருக்கும்.

எதிர்ப்பக்கமும் இருக்கு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை போடுறவங்க, இன்சுலின் போடுறவங்க, மாத்திரை அளவ மாத்தாம வெந்தயத்த மட்டும் கூட்டினா சர்க்கரை ஒரேயடியா இறங்கலாம். கை நடுக்கம், குப்புன்னு வேர்வை, படபடப்பு, பேச்சு குழர்றது, இதெல்லாம் லோ சுகர். அந்த நேரம் வெந்தயத் தண்ணி தேடாதீங்க, மூணு நாலு ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணில கலந்து உடனே குடிச்சுட்டு கால் மணி நேரத்துல திரும்ப செக் பண்ணுங்க. ஆளுக்கு நினைவு தப்பிடுச்சுன்னா வாய்ல எதுவும் ஊத்தக் கூடாது, 108க்கு கூப்பிடுங்க. வயசானவங்க தனியா இருக்கற வீட்டுல இத எல்லாருக்கும் சொல்லி வைங்க.

வேற என்ன மாத்திரையோட பாத்து எடுக்கணும்?

முதல்ல தைராய்டு மாத்திரை. காலைல எழுந்ததும் வெறும் வயித்துல தைராக்சின் போடணும், அதே வெறும் வயித்துலதான் வெந்தயத் தண்ணியும் குடிக்கணும்னு வெச்சிருக்கோம், ரெண்டையும் ஒண்ணா முழுங்கறவங்கள நான் நிறைய பாத்துட்டேன். நார்ச்சத்து கூட போனா தைராக்சின் சரியா உறிஞ்சப்படாது. மாத்திரைய வெறும் தண்ணியோட முழுங்கிட்டு, வெந்தயத்த காலைல விட்டுட்டு மத்தியானம் சாப்பாட்டோட வெச்சுக்கோங்க. பொதுவாவே எந்த மாத்திரைக்கும் வெந்தயப் பொடிக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் விடறது நல்லது, இரும்புச்சத்து மாத்திரைக்கும் சேர்த்துதான் சொல்றேன்.

அடுத்தது ரத்தம் உறையாம இருக்க போடுற வார்ஃபரின், அசிட்ரோம். வால்வு ஆபரேஷன் ஆனவங்க, இதயத் துடிப்பு சீரா இல்லாதவங்க போடுவாங்க. வார்ஃபரின் எடுத்துட்டு இருந்த ஒருத்தர் வெந்தயமும் போல்டோன்னு ஒரு மூலிகையும் சேர்த்து எடுத்தப்போ ரத்தம் உறையற நேரம், ஐஎன்ஆர், கூடிப்போனதா மருத்துவ இதழ்ல வந்திருக்கு. விட்டதும் சரியாச்சு. ரெண்டுல எதனாலன்னு பிரிச்சு சொல்ல முடியாது, ஆனா இந்த மாத்திரைல இருக்கறவங்க புதுசா ஸ்பூன் கணக்குல ஆரம்பிக்க வேண்டாம். ஆபரேஷன் தேதி குறிச்சுட்டாங்கன்னா ரெண்டு வாரம் முன்னாடியே பொடி, கேப்ஸ்யூல் எல்லாத்தையும் நிறுத்திட்டு டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க. சாம்பார நிறுத்த வேண்டாம்.

வெந்தயத்துக்கு அலர்ஜி கூட வருமா? நான் கேள்விப்பட்டதே இல்லையே.

வரும். அரிதுதான், ஆனா வரும். வெந்தயம் பயறு வகை. வேர்க்கடலை, கொண்டக்கடலை, பட்டாணி, துவரை, சோயா எல்லாம் ஒரே குடும்பம். மிளகு, சீரகத்தோட மசாலா டப்பால ஒண்ணா இருக்கறதால அதுவும் அந்த வகைன்னு நெனச்சுக்கறோம், செடிய பாத்தீங்கன்னா காய் அவரை மாதிரி நீளமா இருக்கும். ஒரே குடும்பம்கறதால இதுல இருக்கற புரதமும் வேர்க்கடலைல இருக்கற புரதமும் கிட்டத்தட்ட ஒரே சாயல். கடலைக்கு அலர்ஜி உள்ள உடம்பு வெந்தயத்தையும் கடலைன்னு நெனச்சு எதிர்க்கலாம். நார்வேல உணவு அலர்ஜிக்குன்னு நாட்டளவுல பதிவேடு வெச்சிருக்காங்க, அதுல வந்த ரத்த மாதிரிகள வெச்சு 2009ல வெந்தயத்த பத்தி எழுதினாங்க, வெந்தயத்துக்கு எதிர்ப்பு காட்டினவங்கள்ல பெரும்பாலும் வேர்க்கடலைக்கும் காட்டினாங்க.

நம்ம நாட்டுலயும் உண்டு. 1997லயே இந்திய டாக்டர்கள் ரெண்டு பேரோட கேஸ எழுதிருக்காங்க. ஒருத்தருக்கு வெந்தயப் பொடி மூக்குல ஏறி வந்துச்சு. இன்னொருத்தர் ஏற்கனவே ஆஸ்துமா உள்ளவங்க, பொடுகுக்காக வெந்தயம் அரைச்சு தலைல தேச்சாங்க, தல மரத்துப் போய் முகம் வீங்கி இழுப்பு வந்துடுச்சு. டெஸ்ட் பண்ணினப்போ கொண்டக்கடலைக்கும் அலர்ஜி காட்டுச்சு. ரெண்டு பேருமே அத சாப்பிட்டு மாட்டல, ஒருத்தர் மூச்சுல, ஒருத்தர் தோல்ல, இத மனசுல வெச்சுக்கோங்க.

என் பையனுக்கு வேர்க்கடலை அலர்ஜி. இனிமே சாம்பார், இட்லி எல்லாத்தையும் நிறுத்தணுமா?

பயப்படாதீங்க. இத்தன நாளா இட்லி, சாம்பார், வெந்தயக் குழம்பு சாப்பிட்டும் ஒண்ணும் ஆகலன்னா அவன் உடம்புக்கு அந்த அளவு ஒத்துக்குதுன்னுதான் அர்த்தம், சாப்பிட்டுட்டு இருக்கறத தேவையில்லாம நிறுத்தாதீங்க. ஆனா ஸ்பூன் கணக்குல பொடி, வெந்தயக் களி, முளைகட்டின வெந்தயம், தலைக்கு பேக், இந்த மாதிரி அளவு ஏறுற எதையும் அலர்ஜி டாக்டர்கிட்ட கேக்காம ஆரம்பிக்காதீங்க. கைக்குழந்தைக்கு கடலை அலர்ஜின்னு இப்பதான் கண்டுபிடிச்சிருக்காங்கன்னா வெந்தயம், கொண்டக்கடலை ரெண்டையும் அந்த டாக்டர்கிட்டயே பேர் சொல்லி கேளுங்க, அவங்களா கேக்க மாட்டாங்க. தோல்ல குத்திப் பாக்கற டெஸ்டும் ரத்தத்துல ஐஜிஇ (அலர்ஜி உள்ளவங்க உடம்பு உண்டாக்குற எதிர்ப்புப் புரதம்) பாக்கற டெஸ்டும் வெந்தயத்துக்கு செய்ய முடியும். டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்தாலே அலர்ஜின்னு ஆகாது, சாப்பிட்டா என்ன ஆச்சுங்கறதையும் சேர்த்துதான் டாக்டர் முடிவு பண்ணுவாங்க.

எனக்கு வெந்தய அலர்ஜி உறுதியாயிடுச்சு. எதுல எல்லாம் ஒளிஞ்சிருக்கும்?

உங்களுக்குதான் உண்மையிலேயே கஷ்டம், ஏன்னா நம்ம சமையல்ல வெந்தயம் இல்லாத எடம் கம்மி. வீட்டுல சாம்பார் பொடி, புளிக்காய்ச்சல், மாங்கா ஊறுகாய், தோசை மாவு, சில வீட்டு இட்லிப் பொடி. கடைல வாங்குற ஈர மாவுலயும் பெரும்பாலும் இருக்கும். யாழ்ப்பாணத் தூள்ல உண்டு, இலங்கைல சொதிக்கும் போடுவாங்க. வடக்க போனா கசூரி மேத்தி, அது வெந்தயக் கீரைய காய வெச்சது, பட்டர் சிக்கன், பனீர் கிரேவி வாசனைல பாதி அதுதான். வங்காளத்துல பஞ்ச் போரன்னு தாளிக்கப் போடற அஞ்சு விதைக் கலவை. எத்தியோப்பியா, ஏமன், எகிப்து, துருக்கி சாப்பாட்டுலயும் வெந்தயம் நிறைய, வெளிநாட்டுல இருக்கறவங்க கவனிங்க.

லேபிள நம்பலாமான்னா, முழுசா நம்ப முடியாது. ஐரோப்பால கட்டாயமா காட்ட வேண்டிய அலர்ஜி பொருள்னு 14 இருக்கு, வேர்க்கடலை, கடுகு, எள்ளு எல்லாம் அதுல வருது, வெந்தயம் வரல. நம்ம நாட்டு லேபிள் விதில உள்ள அலர்ஜி பட்டியல்லயும் வெந்தயம் இல்ல. பாக்கெட்ல "மசாலா பொருட்கள்"னு மொத்தமா போட்டிருந்தா அதுக்குள்ள வெந்தயம் இருக்கலாம். அதனால பொடி எல்லாம் வீட்டுலயே வறுத்து மில்லுக்கு குடுக்கறது நல்லது. ஆனா மில்லுலயும் முன்னாடி அரைச்சவங்க மாவு அதே மெஷின்ல ஒட்டியிருக்கும், ரொம்ப கடுமையான அலர்ஜின்னா வீட்டு மிக்ஸிதான். வறுத்தா, வேக வெச்சா அலர்ஜி போயிடும்னு நம்பாதீங்க.

வெந்தயம் சாப்பிட்டா வயிறு உப்புது, லூஸ் மோஷன் போகுது. இது அலர்ஜியா?

பெரும்பாலும் இல்ல. திடீர்னு அவ்வளவு நார்ச்சத்து உள்ள போனா கேஸ், உப்புசம், பேதி எல்லாம் வர்றது சகஜம். அரை ஸ்பூன்ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துங்க, தண்ணி நிறைய குடிங்க, அப்பவும் ஒத்துக்கலன்னா விட்டுடுங்க, கட்டாயம் ஒண்ணும் இல்ல.

அலர்ஜி வேற மாதிரி வரும். பொதுவா சாப்பிட்ட கொஞ்ச நிமிஷத்துலயே, அதிகபட்சம் ரெண்டு மணி நேரத்துக்குள்ள, வாய் அரிப்பு, உதடு கண்ணு வீங்கறது, உடம்பு பூரா தடிப்பு தடிப்பா வர்றது, தும்மல், இழுப்பு, வாந்தி. கொஞ்சூண்டு பட்டாலும் வரும், ஒவ்வொரு தடவையும் வரும். வெந்தயம் சாப்பிட்டா சளி பிடிக்குதுன்னு சொல்றவங்க கொஞ்சம் கவனிங்க, ஒவ்வொரு தடவையும் உடனே மூக்கு ஒழுகி இழுப்பும் வருதுன்னா அத குளிர்ச்சின்னு விட்டுடாம ஒரு தடவ டெஸ்ட் பண்ணிடறது நல்லது.

அலர்ஜி வந்துட்டா வீட்டுல என்ன பண்ணணும்?

தடிப்பு மட்டும்னா செட்ரிசின் மாதிரி மாத்திரை போதும், டாக்டர் ஏற்கனவே சொல்லியிருந்தா. மூச்சு விட கஷ்டம், குரல் அடைக்கறது, நாக்கு வீங்கறது, தல சுத்தி மயக்கம் வர்றது, இதுல ஒண்ணு வந்தாலும் அது அனாஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான அலர்ஜி, உடனே அட்ரினலின் ஊசி தொடைல போடணும். செட்ரிசின் அத தடுக்காது. ஆள படுக்க வைங்க, காலு உயரமா இருக்கட்டும், மூச்சுத் திணறுனா உக்கார வைங்க, எழுந்து நடக்க விடாதீங்க, 108. சுக்கு கஷாயம் வெச்சுக் குடுத்துப் பாக்கலாம்னு நேரத்த விடாதீங்க. ஒரு தடவ இப்படி வந்தவங்க சரியானதுக்கு அப்புறமும் அலர்ஜி டாக்டர பாத்தே ஆகணும்.

தலைக்கு வெந்தயம் தேய்க்கலாமா? முடி வளருமா?

ஊறவெச்சு அரைச்சா அந்த வழவழப்பு முடிய மிருதுவாக்கும், சிக்கு எடுக்க ஈஸியா இருக்கும், அது உண்மை. முடி புதுசா முளைக்கும்கறதுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. தேய்க்கறதுக்கு முன்னாடி முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்க. ஆஸ்துமா இருந்தா, கடலை இல்ல கொண்டக்கடலை அலர்ஜி இருந்தா, இந்த வீட்டு டெஸ்ட நம்பியும் தேய்க்க வேண்டாம், மேல சொன்ன ஆஸ்துமா உள்ளவங்களுக்கு தலைல தேச்சுதான் வந்துச்சு. பேக் போட்டு அரிச்சா "வேலை செய்யுது போல"ன்னு பொறுத்துக்காதீங்க, உடனே கழுவுங்க.

தாய்ப்பால் ஊற வெந்தயம் குடுக்கறாங்க, சரிதானா?

பிள்ளை பெத்தவளுக்கு வெந்தயக் களி, பூண்டு, கருவாட்டுக் குழம்புன்னு காலம் காலமா குடுக்கறதுதான். ஆய்வுகள்ல முடிவு ரெண்டு பக்கமும் வந்திருக்கு, சிலதுல பால் கூடியிருக்கு, சிலதுல ஒரு வித்தியாசமும் இல்ல. என் கருத்து என்னன்னா, பால் பத்தலன்னா முதல்ல பாக்க வேண்டியது குழந்த சரியா வாய் வெச்சு குடிக்குதா, ராத்திரியும் சேர்த்து அடிக்கடி குடுக்கறாங்களா, தாய்க்கு தூக்கமும் சோறும் கெடைக்குதாங்கறதுதான். அத விட்டுட்டு மாமியார் ஒரு பக்கம் அம்மா ஒரு பக்கம் கிண்ணம் கிண்ணமா வெந்தயத்த ஊட்டி, பால் வரலன்னா அந்த பொண்ணயே குத்தம் சொல்றது ரொம்ப அநியாயம். களி சாப்பிடட்டும், ருசிக்கும் தெம்புக்கும். குழந்தைக்கு பேதி போனா, உடம்புல தடிப்பு வந்தா நிறுத்துங்க. தாய்க்கு சுகர் மாத்திரை, தைராய்டு மாத்திரை இருந்தா மேல சொன்னதெல்லாம் இங்கயும் பொருந்தும்.

கர்ப்பமா இருக்கேன், வெந்தயக் குழம்பு சாப்பிடலாமா?

குழம்பு, சாம்பார், தோசை தாராளமா. பொடியா, கேப்ஸ்யூலா, கஷாயமா வேண்டாம். அதிக அளவுல கர்ப்பப்பைய சுருங்க வைக்கலாம்னு விலங்கு ஆய்வுகள்ல பாத்திருக்காங்க. கர்ப்பகால சுகர் வந்திருக்குன்னு வெந்தயத்த நீங்களா ஆரம்பிக்காதீங்க, டாக்டர் சொன்ன சாப்பாட்டு முறையும் மருந்தும் போதும்.

பிரசவத்துக்கு கொஞ்சம் முன்னாடி நிறைய குடிச்சா இன்னொரு குழப்பமும் வரும். குழந்தையோட மூத்திரத்துல ஒரு இனிப்பு வாசனை அடிக்கும், மேப்பிள் சிரப் மூத்திர நோய்னு ஒரு ஆபத்தான பிறவி நோய்லயும் அதே வாசனைதான். தாய் வெந்தயம் குடிச்சது தெரியாம அந்த நோயா இருக்குமோன்னு டாக்டர்கள் குழந்தைக்கு அவசரமா டெஸ்ட் எடுத்தது நடந்திருக்கு. நீங்க எடுத்திருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.

வேர்வைல கூட அந்த வாசனை வருதே, கிட்னி பிரச்சனையா?

இல்லங்க. வெந்தயத்துல சோட்டலோன்னு ஒரு வாசனைப் பொருள் இருக்கு, அது உடம்புல இருந்து வேர்வைலயும் மூத்திரத்துலயும் வெளிய வரும், கருப்பட்டிப் பாகு காய்ச்சுற மாதிரி வாசனை. ஆபத்து இல்ல, நிறுத்தினா போயிடும். அந்த வாசனை எவ்வளவு தூரம் போகும்னா, நியூயார்க்ல 2005ல இருந்து அடிக்கடி ஊர் பூரா இனிப்பு வாசனை அடிச்சு ஜனங்க விஷ வாயுவோன்னு பயந்து போன் பண்ணிட்டு இருந்தாங்க, 2009லதான் ஆத்துக்கு அந்தப்பக்கம் நியூஜெர்சில வெந்தயம் பதப்படுத்துற ஒரு ஆலைல இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஆனா வெந்தயமே சாப்பிடாம மூத்திரத்துல இனிப்பு வாசனையும் அதிக தாகமும் இருந்தா சுகர் டெஸ்ட் எடுங்க.

முளைகட்டின வெந்தயம் பச்சையா சாப்பிடலாமா?

நான் வேண்டாம்னுதான் சொல்வேன். 2011ல ஜெர்மனில ஈ.கோலை கிருமியால கிட்டத்தட்ட 4000 பேர் படுத்தாங்க, 50 பேருக்கு மேல செத்தாங்க, நிறைய பேருக்கு கிட்னி போச்சு. பிரான்ஸ்லயும் அதே கிருமி வந்துச்சு. தேடிப் பாத்தப்போ எகிப்துல இருந்து வந்த வெந்தய விதைய முளைகட்டினதுல கொண்டுபோய் விட்டுச்சு. விதைல ஒட்டியிருக்கற கொஞ்ச கிருமி, முளைகட்டுற ஈரத்துலயும் சூட்டுலயும் பல மடங்கு பெருகிடும், கழுவினா போகாது. கர்ப்பிணி, சின்ன குழந்தைங்க, வயசானவங்க, கீமோ எடுக்கறவங்க பச்சையா தொடவே வேண்டாம். ஆவில நல்லா வேக வெச்சு பொரியல் பண்ணுங்க, கசப்பும் கம்மியா இருக்கும். வெயில் காலத்துல ராத்திரி பூரா வெளிய ஊறவெச்ச தண்ணிய விட ஃபிரிட்ஜ்ல வெச்சது பரவால்ல.

மாதவிடாய் வலிக்கு வெந்தயம் கேக்குமா?

கொஞ்சம் கேக்கும்போல. ஈரான்ல காலேஜ் பொண்ணுங்ககிட்ட 2014ல வந்த ஒரு ஆய்வுல, முதல் மூணு நாளும் வெந்தயப் பொடி கேப்ஸ்யூல் எடுத்தவங்களுக்கு வலி நல்லா குறைஞ்சுது. சின்ன ஆய்வுதான். வயசுக்கு வந்த பொண்ணுங்களுக்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் போட்டு களி கிண்டிக் குடுக்கறத நிறுத்தச் சொல்ல எந்தக் காரணமும் இல்ல. ஆனா மாசாமாசம் ஸ்கூலுக்கே போக முடியாத அளவு வலின்னா களியோட நிறுத்தாம லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.

உடம்பு எளைக்குமா?

வயிறு நெறைஞ்ச மாதிரி இருக்கும், அதனால கொஞ்சம் கம்மியா சாப்பிடுவோம், அவ்வளவுதான். ஐரோப்பால பாரம்பரிய மருந்தா வெந்தயத்த ஏத்துக்கிட்டது பசி எடுக்காதவங்களுக்கு பசி எடுக்க, அதையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

மாத்திரை மாதிரி அப்படியே முழுங்கிடறேன், கசப்பு தெரியாம. சரியா?

காஞ்ச வெந்தயத்த கொஞ்சம் தண்ணில முழுங்காதீங்க. ஈரம் பட்டா ஊதும், தொண்டைலயோ உணவுக் குழாய்லயோ மாட்டிக்கிட்டா கஷ்டம், முக்கியமா வயசானவங்களுக்கும் ஏற்கனவே முழுங்க சிரமப்படுறவங்களுக்கும். ஊறவெச்சு, மென்னு, ஒரு டம்ளர் தண்ணியோட. பொடின்னா மோர்ல நல்லா கலந்து.

மசாலா கம்பெனில வேலை, வெந்தயம் அரைக்கற நாள்ல மட்டும் இருமலும் இழுப்பும் வருது.

இத லேசா எடுக்காதீங்க, வெந்தயத் தூசியால வேலை எடத்துல ஆஸ்துமா வந்தது மருத்துவ இதழ்கள்ல பதிவாயிருக்கு. எந்த நாள்ல எந்தப் பொருள் அரைச்சீங்க, எப்போ இருமல் வந்துச்சு, லீவு நாள்ல குறையுதான்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சு நெஞ்சக டாக்டர்கிட்ட காட்டுங்க, அது அவங்களுக்கு ரொம்ப உதவும். துணி கட்டினா பத்தாது, தூசி வடிகட்டுற என்95 மாஸ்க் வேணும், அரைக்கற எடத்துல காத்து வெளிய இழுக்கற ஃபேன் கேளுங்க. வீட்டுக்கு வந்ததும் சட்டைய தனியா போடுங்க, அதே தூசி வீட்டுல இருக்கற பிள்ளைக்கும் போகும். அப்பவும் இழுப்பு தொடர்ந்தா இன்ஹேலர அடிச்சுட்டு அதே மெஷின் பக்கத்துல நிக்காதீங்க, டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கி பேக்கிங் பக்கமோ லோடிங் பக்கமோ மாத்தச் சொல்லிக் கேளுங்க.